புரோட்டியேஸ் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் முதுநகரில் கருவாடு காயும் இடத்து மண்ணை அள்ளி வந்து, பாசில்லஸ் பாக்டீரியாவைப் பிரித்து, பால் அகார் தட்டில் தெளிந்த வட்டம் விழுந்ததும் "புரோட்டியேஸ் கிடைச்சிடுச்சு சார்" என்று யாராவது வந்து நிற்பார்கள். புரதத்தை வெட்டும் அந்த நொதி கிடைத்திருக்கும்தான், பால் புரதம் வெட்டுப்பட்டதால்தான் வட்டம் தெளிகிறது. சிக்கல் அதற்கப்புறம் தொடங்குகிறது, எனக்குத் தொடங்கிய அதே இடத்தில். பிப்பெட் முனை மாற்ற மறப்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

ஈடிடிஏவை வைத்துத் தீர்ப்பு எழுதுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இது. உலோக அயனிகளைப் பிடுங்கும் ஈடிடிஏவைச் சேர்த்ததும் நொதி படுத்துவிடும். உடனே ஆய்வேட்டில், உலோக அயனியை வைத்து வெட்டும் நொதி என்ற பொருளில், "மெட்டலோபுரோட்டியேஸ்" என்று ஏறிவிடும்.

உண்மையான மெட்டலோபுரோட்டியேஸான தெர்மோலைசினைப் பாருங்கள். 316 அமினோ அமிலங்கள், இரண்டு மடல்கள், நடுவே ஒரு பிளவு. அங்கே ஒரு துத்தநாக அயனியை 142, 146ஆம் ஹிஸ்டிடின்களும் 166ஆம் குளூட்டமேட்டும் பிடித்திருக்கின்றன. துத்தநாகத்தை ஒட்டிய நீரிடமிருந்து 143ஆம் குளூட்டமேட் புரோட்டானை வாங்கிக்கொள்ள, அந்த நீர் பெப்டைடு பிணைப்பைத் தாக்குகிறது. கூடவே நான்கு கால்சியம் அயனிகளும் உண்டு. அவற்றுக்கு வெட்டும் வேலை இல்லை, சூட்டில் வடிவம் குலையாமல் காப்பதுதான் வேலை.

ஈடிடிஏ இரண்டையும் பிடுங்கும். சரி, செரின் வகைப் புரோட்டியேஸான சப்டிலிசின்? அதில் துத்தநாகமே கிடையாது, வெட்டுவது 221ஆம் செரின். ஆனால் அதுவும் கால்சியத்தை நம்பித்தான் நிற்கிறது. ஈடிடிஏவோடு சூட்டில் வைத்தால் அதுவும் குலைந்து, தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும். பாசில்லஸ் இந்த இரண்டு வகையையும் சுரக்கக்கூடியது. இதை வைவாவில் கேட்டால் பதில் வராது.

மெட்டலோ என்றே எழுதிவந்த ஒரு மாணவியின் நொதி, செரின் வகையைத் தடுக்கும் பிஎம்எஸ்எஃப்பைப் புதிதாகக் கரைத்துச் சேர்த்ததும் அடங்கிவிட்டது. அதற்குள் தூய்மைப்படுத்த ஒதுக்கிய பணம் காலி.

ஃபினாந்த்ரோலின் போட்டுப் பாருங்கள். அது துத்தநாகத்தைக் குறிவைக்கும், கால்சியத்தைப் பெரும்பாலும் தொடாது. பிறகு துளி துத்தநாகம் கொடுத்து, வேகம் திரும்புகிறதா என்று பாருங்கள். அள்ளிக் கொட்டினால் துத்தநாகமே தடுக்கும்.

பாஸ்பேட் பஃபர்

கால்சியத்தைப் படிய வைத்துவிடும். டிரிஸ் பஃபர் போதும்.

நேற்று கரைத்த பிஎம்எஸ்எஃப்

தண்ணீரில் சிதைந்திருக்கும். கொட்டிவிடுங்கள்.

டிரிப்சின் கணக்கை இங்கே போடுவது

டிரிப்சின் லைசின், ஆர்ஜினினுக்குப் பின்னால் வெட்டும். தெர்மோலைசின் லியூசின், ஃபினைல்அலனின் மாதிரி நீரை வெறுக்கும் அமிலங்களுக்கு முன்னால் வெட்டும். வெட்டுப்பட்ட பெப்டைடுகளை அடையாளம் காணும் மென்பொருளில் நொதியின் பெயரை மாற்றாமல் ஓடவிட்டு, பெப்டைடு எதுவும் பொருந்தவில்லை என்று பெப்டைடுகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக் கருவியைத் திட்டுகிறார்கள்.