அரிய நரம்பு நோய் ஆய்வகத்தில் போஸ்ட்டாக்: விண்ணப்பத்துக்கு முன் ஒரு மரபணுவைப் படியுங்கள்

கணினிசார் உயிரியலில் முனைவர் பட்டம் முடியும் தறுவாயில், அரிய நரம்பு நோய்களை ஆராயும் ஆய்வகத்தில் போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணிக்கு, விண்ணப்பிக்க நினைப்பவர்கள் முதலில் பயோடேட்டாவைத் திருத்த உட்காருகிறார்கள். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒரே ஒரு மரபணு மாற்றத்தைப் பொதுத் தரவுகளில் தேடிப் பின்தொடருங்கள். இந்தத் துறைக்கு வேண்டிய கவனம் உங்களிடம் இருக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

படி 1: நோயைத் தேர்ந்தெடுத்தல்

நீங்கள் சேர விரும்பும் ஆய்வகத்தின் நோயையே எடுங்கள். இங்கே ரெட் நோய்க்குறித்தொகுதியை எடுத்துக்கொள்கிறேன். ஏறத்தாழ 10,000 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு வருவது. முதல் சில மாதங்கள் இயல்பாக வளரும் குழந்தை, கற்ற சொற்களையும் கைகளின் பயன்பாட்டையும் ஒவ்வொன்றாக இழக்கிறது. 1966இல் மருத்துவர் ஆந்திரியாஸ் ரெட் இதை விவரித்தார். பெரும்பாலானோரிடம் இதற்குக் காரணம் எக்ஸ் குரோமோசோமில் உள்ள மெக்பி2 மரபணு என்று 1999இல் ஹுதா ஸோக்பியின் குழு கண்டறிந்தது.

படி 2: மாற்றத்தின் முகவரியைச் சரிபார்த்தல்

அவசரப்படக் கூடாத இடம் இது. இந்நோயில் அடிக்கடி காணப்படும் மாற்றங்களில் ஒன்று, இந்த மரபணு உருவாக்கும் புரதத்தின் 158ஆம் இடத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலம் மெத்தியோனினாக மாறுவது. மரபணு மாற்றங்களையும் அவற்றின் நோய்த் தொடர்பையும் தொகுக்கும் கிளின்வார் (ClinVar) தரவுத்தளத்தில் அதே மாற்றம் 170ஆம் இடம் என்று பதிவாகியிருப்பதைப் பார்ப்பீர்கள். இரண்டும் சரி. மெக்பி2 புரதத்துக்கு இரண்டு வடிவங்கள் உண்டு: ஒன்றில் 486 அமினோ அமிலங்கள், மூளையில் மிகுந்திருக்கும் மற்றதில் 498. அந்த 12தான் வித்தியாசம். பழைய கட்டுரையின் எண்ணையும் புதிய தரவின் எண்ணையும் எந்த வடிவம் என்று பார்க்காமல் இணைத்தால், ஒரே மாற்றம் அட்டவணையில் இரண்டாகிவிடும்.

இன்னொன்று, இந்த மரபணு டிஎன்ஏவின் எதிரிழையில், அதாவது மரபணுத்தொகுதிக் கோப்பில் எழுதப்படும் இழைக்கு எதிர் இழையில், இருக்கிறது. மரபணுவின் வாசிப்பில் சி என்ற டிஎன்ஏ எழுத்து டி ஆவது, மரபணுத்தொகுதிக் கோப்பில் ஜி என்பது ஏ ஆவதாகத் தெரியும். அந்த சி-யை அடுத்து ஜி வருகிறது. அப்படி ஜி-யை ஒட்டிய சி-யில் மெத்தில் என்ற சிறு வேதிக்குறி ஏறுவதுண்டு; மெத்தில் ஏறிய சி எளிதில் டி ஆகிவிடும். இம்மாற்றம் தொடர்பில்லாத குடும்பங்களிலும் புதிதாகத் தோன்றுவதற்கு அது ஒரு காரணம். டிஎன்ஏவில் மெத்தில் குறியைப் படிப்பதே மெக்பி2 புரதத்தின் வேலை என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

படி 3: பொதுமக்கள் தரவில் தேடுதல்

பொதுமக்களின் மரபணு வரிசைகளைத் தொகுத்த நோமேட் (gnomAD) தரவுத்தளத்தில் அதே இடத்தைப் பாருங்கள். கடுமையான நோய்மாற்றங்கள் அங்கே இல்லாமலோ மிக அரிதாகவோ இருக்கும். ஆனால் 'அங்கே இல்லை' என்பது மட்டும் நோய்க்குச் சான்றாகாது. தீங்கற்ற அரிய மாற்றங்களும் அப்படித்தான் இருக்கும்.

படி 4: உங்கள் கேள்வியை எழுதுதல்

பெண்களின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று பெரும்பாலும் செயலற்று அடங்கிவிடுகிறது; எது அடங்கும் என்பது செல்லுக்குச் செல் மாறும். ஆகவே ஒரே மூளையில் நலமான மெக்பி2 உள்ள நியூரானும் பழுதான மெக்பி2 உள்ள நியூரானும் அருகருகே இருக்கும். ஒவ்வொரு செல்லிலும் எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று காட்டும் தனிச்செல் ஆர்என்ஏ தரவில் இரண்டையும் பிரித்து ஒப்பிட முடியுமா? 2007இல் ஆய்வாளர் ஏட்ரியன் பேர்டின் குழு எலிகளில் முடக்கி வைத்திருந்த மெக்பி2 மரபணுவை மீண்டும் இயக்கியபோது, முற்றிய அறிகுறிகளும் பின்வாங்கின. அந்த நியூரான்கள் அழிந்துபோகவில்லை. அப்படியானால் எந்த மரபணுக்களின் செயல்பாடு முதலில் மீள்கிறது? இப்படி ஒரு கேள்வியும், அதற்கு எந்தத் தரவு, எந்த முறை என்பதும் ஒரு பக்கத்துக்குள் அடங்கட்டும்.

படி 5: அனுப்புதல்

இந்தத் தேடலுக்கு எழுதிய பைத்தான் நிரலை, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஏற்றி, மின்னஞ்சலின் முதல் பத்தியிலேயே கண்டதைச் சொல்லுங்கள். நோயாளிகளின் தரவைக் கையாண்டிருந்தால் ஏற்றும் முன் மறுபடி பாருங்கள். அரிய நோயில் பெயரை நீக்குவது மட்டும் போதாது. மாற்றமும் வயதும் ஊரும் ஒரே வரியில் இருந்தால், அது எந்தக் குழந்தை என்று தெரிந்துவிடும்.