போக்கர் கணக்கை நமக்கே பொய் சொல்லாமல் பார்ப்பது எப்படி?

ஆன்லைனில் காசுக்குப் போக்கர் ஆடுகிறேன். ஒரு வருடமாக "பெரிய லாபம் இல்லை, ஆனால் கையைக் கடிக்கவில்லை" என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். தீபாவளி லீவில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால் 640 ரிங்கிட் போயிருக்கிறது. எப்படிக் கூட்டினேன் என்பதுதான் இந்தப் பதிவு. ஒரு 'கை' என்றால் சீட்டுப் போட்டதிலிருந்து முடியும் வரை ஒரு ஆட்டம். 'பிளைண்ட்' என்றால் சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் முறை வைத்து வைக்கும் கட்டாயப் பணம்: பிக் பிளைண்ட் முழுசு, ஸ்மால் பிளைண்ட் அதில் பாதி. கீழே வரும் கணக்கெல்லாம் பிக் பிளைண்டில்தான்.

1. முதலில் பேங்க் கணக்கு

எந்த மென்பொருளையும் இப்போதைக்குத் திறக்காதீர்கள். எடுத்த பணத்தையும் இன்று ஆட்டக் கணக்கில் கிடக்கும் பணத்தையும் கூட்டி, போட்ட பணத்தைக் கழியுங்கள். டாலரில் வேண்டாம், ரிங்கிட்டில் எழுதுங்கள். மாற்றும்போது கழிவதும் நம் காசுதானே. போனஸ் வந்திருந்தால் அதைத் தனியாக எழுதுங்கள். அது நீங்கள் ஆடி ஜெயித்தது இல்லை.

2. ஆடிய கைகளை ஏற்றுங்கள்

ஆடிய கைகளைச் சேர்த்து வைத்துக் கணக்குக் காட்டும் மென்பொருள் போக்கர்டிராக்கர் 4 போதும். முதல் நாளே காசு கொடுக்க வேண்டாம், சில நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். வரவு செலவுக்கு எனக்கு லிப்ரேஆஃபீஸ் தாள்தான் பிடிக்கும்.

டிராக்கர் எனக்கு 40 டாலர் லாபம் காட்டியது. பேங்க் நஷ்டம் என்கிறது. மென்பொருளில்தான் கோளாறு என்று இரண்டு நாள் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு ஃபெர்ரியில் போகும்போது போனில் ஆடியது எதுவும் லேப்டாப்பில் பதியவே இல்லை. தூக்கக் கலக்கத்தில், கரை வந்துவிடப் போகிறதே என்ற அவசரத்தில் ஆடியவை அவை. பதியாத கைகள் இருந்தால், பேங்க் கணக்குக்கும் டிராக்கருக்கும் உள்ள வித்தியாசத்தை "போன்" என்று தாளில் எழுதிவிடுங்கள்.

3. எந்த இடத்தில் போகிறது?

நான் வழுக்கி விழுந்தது இங்கேதான். பிக் பிளைண்ட் வைக்கும் இடத்தில் 100 கைக்கு 46 பிளைண்ட் நஷ்டம் என்று சிவப்பில் காட்டியது. வயிற்றைக் கலக்கிவிட்டது. அந்த இடம் வந்தாலே ஃபோல்டு செய்ய, அதாவது சீட்டைப் போட்டுவிட்டு விலக, ஆரம்பித்தேன். அடுத்த மாதம் நஷ்டம் இன்னும் கூடியது.

விஷயம் இதுதான்: அங்கே சீட்டைப் பார்க்கும் முன்பே ஒரு பிளைண்ட் வைத்தாயிற்று. எல்லாக் கையையும் ஃபோல்டு செய்தால் 100 கைக்கு 100 பிளைண்ட் போகும். ஆக, 46 போனது என்றால் 54 மிச்சம் பிடித்திருக்கிறேன். அங்கே ஒப்பிட வேண்டியது பூஜ்யத்தோடு இல்லை, மைனஸ் 100-ஓடு. ஸ்மால் பிளைண்டுக்கு மைனஸ் 50. மற்ற இடங்களுக்குத்தான் பூஜ்யம்.

இப்படிப் பார்த்ததும் என் ஓட்டை தெரிந்தது. ஸ்மால் பிளைண்டில் 63 போய்க்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் மடக்கிப் போட்டுவிட்டுத் தே தாரேக் குடித்திருந்தால்கூட 13 மிஞ்சியிருக்கும். பாதி விலைக்கு ஃப்ளாப் (மேசையில் திறக்கும் முதல் மூன்று சீட்டு) பார்க்கலாமே என்று குப்பைச் சீட்டுக்கெல்லாம் மீதிப் பணத்தை வைத்து 'கால்' செய்திருக்கிறேன்.

4. பெரிய கைகளை மறுபடி பாருங்கள்

எதிராளியின் சீட்டை மறைத்துவிட்டுப் பாருங்கள். முடிவு தெரிந்தால் ஜெயித்த கை எல்லாம் கெட்டிக்காரத்தனமாகவே தெரியும். வாரத்துக்கு பத்து கை போதும். அதில் ஐந்து நீங்கள் ஜெயித்ததாக இருக்கட்டும்.

பிறகு சேர்த்தது: 10,000 கை ஆடி 100 கைக்கு 4 பிளைண்ட் லாபம், நான் நல்ல ஆட்டக்காரன்தானே என்று ஒருவர் கேட்டார். டிராக்கரில் எனக்கும் அதே எண்தான்! ஆறு பேர் மேசையில் 100 கைக்கு ஏற்ற இறக்கம் சுமார் 90 பிளைண்ட் என்று வைத்தால், 10,000 கையில் (நூறு நூறு கை; 100-இன் வர்க்கமூலம் 10-ஆல் வகுத்தால்) அது 100 கைக்குக் கூட்டியோ குறைத்தோ 9 ஆகிறது. அந்த 4, உண்மையில் மைனஸ் 5 ஆகவும் இருக்கலாம், 13 ஆகவும் இருக்கலாம்.

இன்னொன்று: கையிலுள்ள பணம் முழுவதையும் வைத்த (ஆல்-இன்) கைகளில் சராசரியாக எவ்வளவு வந்திருக்க வேண்டும் என்று டிராக்கர் வரையும் 'ஆல்-இன் ஈவி' கோட்டைக் காட்டி "எனக்கு அதிர்ஷ்டம் இல்லை" என்று என் மச்சான் வாதாடினார். இரண்டு ஏஸ் வைத்திருந்தாலும் இரண்டு கிங்கிடம் ஐந்தில் ஒரு தடவை போல தோற்கத்தான் செய்யும். அந்தக் கணக்கை மட்டும்தான் அந்தக் கோடு சரிசெய்யும். ஆல்-இன் போயிருக்கவே கூடாத கையை அது கண்டுகொள்ளாது. என் கோட்டில் துரதிர்ஷ்டம் 11 டாலர். அவருடையதை இன்னும் காட்டவில்லை.