வேலையை விட்டு அதே தொழிலில் இறங்குபவர்கள் செய்யும் தவறுகள்

சென்னை தம்புச் செட்டித் தெருவில், சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் பத்து ஆண்டுகள் உழைத்தவர் சொந்தமாக அலுவலகம் போட நினைத்தால், முதலில் அவரை மிரட்டுவது, சேர்ந்த அன்று கையெழுத்திட்ட தாளில் இருக்கும் 'விலகிய பின் இரண்டு ஆண்டுகள் இதே தொழில் செய்யக் கூடாது' என்ற நிபந்தனைதான். உண்மையில் அஞ்சத் தேவையில்லாததும் அதுவே. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவின்படி, ஒருவர் முறையான தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு அந்த அளவுக்குச் செல்லாது. வேலையை விட்ட பிறகும் தொடரும் தடைக்கு நீதிமன்றங்கள் பொதுவாக இடம் தருவதில்லை. வழக்கில் சிக்குகிறவர்கள் பெரும்பாலும் விலகியதற்காக அல்ல, விலகுவதற்கு முந்தைய சில மாதங்களில் செய்தவற்றுக்காகவே சிக்குகிறார்கள்.

வேலையில் இருக்கும் காலத்துக்கான தடை வேறு. அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1967இலேயே கோலிகாரி வழக்கில் கூறிவிட்டது. ஆகவே, மனைவி பெயரில் ஜிஎஸ்டி எண் வாங்கிவிட்டு, முதலாளியின் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவருடைய பார்ட்டியிடம், அதாவது வாடிக்கையாளரிடம், 'அடுத்த மாதம் முதல் பில் என் பெயரில் வரும்' என்று பேசுவது நேரடியான ஒப்பந்த மீறல் ஆகலாம். ராஜினாமா கடிதம் கொடுத்த பின்னும், நோட்டீஸ் காலம் முடியும்வரை நீங்கள் ஊழியர்தான்.

பலரும் இடறுவது தகவலில்தான். பார்ட்டி பட்டியல், ரேட் விவரம், பழைய கொட்டேஷன்கள் எல்லாவற்றையும் கடைசி வாரத்தில் பென் டிரைவில் ஏற்றுகிறார்கள், அல்லது தங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்புகிறார்கள். எந்த நாளில், எத்தனை மணிக்கு அனுப்பினார்கள் என்பதை அந்த மின்னஞ்சலே சாட்சி சொல்லும். அனுமதியின்றி நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43ஆவது பிரிவில் வருகிறது. நேர்மையற்ற நோக்கம் நிரூபணமானால் 66ஆவது பிரிவின் கீழ் மூன்று ஆண்டுவரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். பாதுகாப்பு என்று எண்ணி அலுவலகக் கணினியில் உள்ளதை அழித்துவிட்டுப் போவதும் அதே 43ஆவது பிரிவில்தான் சேரும். தொகுக்கப்பட்ட வாடிக்கையாளர் பட்டியலுக்குப் பதிப்புரிமை உண்டு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 1995இல் பர்லிங்டன் வழக்கில் ஏற்றுக்கொண்டது. எந்தச் சரக்கு யார்டில் எந்த வேலைக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று உங்கள் தலையில் இருக்கும் அறிவை மட்டும் எவரும் திருப்பிக் கேட்க முடியாது.

கிளியரிங் தொழிலுக்கே உரிய இன்னொன்று: கிளியரிங் அலுவலக ஊழியருக்குச் சுங்கத்துறை தரும் அட்டை, அந்த அலுவலகத்தை நடத்தும் முகவரின் உரிமத்தைச் சார்ந்தது. விலகிய பின் அதைக் காட்டிச் சொந்த வேலைக்காகச் சுங்க இல்லத்துக்குள் போவதை, பழக்கம் என்று சாதாரணமாக நினைக்க வேண்டாம்.

மண்ணடி இரும்புக் கடைகளைப் போலக் கூட்டு வணிகத்தில் இருந்து பிரிபவர்கள் 27ஆவது பிரிவை மட்டும் நம்பக் கூடாது. 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 36ஆவது பிரிவு, விலகிய பங்குதாரர் போட்டித் தொழில் நடத்தலாம் என்கிறது. ஆனால், வேறு உடன்பாடு இல்லாதவரை, பழைய கடையின் பெயரைப் பயன்படுத்தவோ, தாம் இருந்தபோது அங்கே வாங்கிக்கொண்டிருந்தவர்களைத் தேடிப்போய் அழைக்கவோ கூடாது. குறிப்பிட்ட காலத்துக்கோ குறிப்பிட்ட எல்லைக்குள்ளோ கடை போட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தால், நியாயமான அளவில் அதுவும் செல்லும். 'நியூ' என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் முன்னால் ஒட்டி அதே பெயரில் பலகை மாட்டுவது, தனி வழக்கைத் தானே வரவழைப்பதாகும்.

குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்டுவதாகப் பாண்டு எழுதிக் கொடுத்தவர்கள் அதையும் எடுத்துப் படிக்க வேண்டும். மூன்று ஆண்டுக்குள் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற ஒரு வங்கியின் நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025இல் செல்லும் என்றது.

வக்கீல் நோட்டீஸ் வந்தால் அதை மேசை இழுப்பறையில் போட்டு வைப்பதுதான் கடைசித் தவறு. உயர் நீதிமன்ற வளாகம் இந்தத் தெருக்களிலிருந்து நடந்து போகும் தூரம்தான். எதிர்த்தரப்பு உங்களைக் கேட்காமலேயே இடைக்காலத் தடை வாங்கிவிடலாம். அதைத் தவிர்க்க, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148ஏ பிரிவின்படி 'என்னைக் கேட்காமல் உத்தரவிட வேண்டாம்' என்று நீதிமன்றத்தைக் கோரும் கேவியட் மனுவை முன்கூட்டியே தாக்கல் செய்யலாம். அது 90 நாட்கள் மட்டுமே செல்லும் என்பதால், தேதியைக் குறித்து வைத்து, தேவையானால் மீண்டும் தாக்கல் செய்யுங்கள்.