குளோசப்ல தாங்கற மாதிரி சிலிகான் வெட்டுக்காயம் செய்றது எப்படி

குறும்படம் எடுக்கறவங்க மேக்கப் காயம்னாலே டிஷ்யூ பேப்பர், லேடெக்ஸ்ங்கற திரவ ரப்பர், சிவப்பு கலர்னு போயிடறாங்க, வைட் ஷாட்டுக்கு அது போதும், குளோசப்ல ஒட்டின இடம் கோடு போட்ட மாதிரி தெரியும். ஜெலட்டின்ல பண்ணா மலிவு, ஆனா நம்ம ஊரு வெயில்லயும் லைட்டுக்கு முன்னாடியும் வேர்வை பட்டு இளகிடும். அதனால சிலிகான்ல சொல்றேன். என்னைக் கேட்டா காயத்தை அழகா செதுக்கறதை விட ஓரம் தோலோட கலக்கறதுதான் இதுல முக்கால்வாசி வேலை.

முதல்ல ஒரு டைல் மேல சல்ஃபர் இல்லாத ஆயில் கிளேல (காயாத எண்ணெய்க் களிமண்) காயத்தை செதுக்குங்க. சல்ஃபர் இருந்தா நாம ஊத்தப்போற பிளாட்டினம் சிலிகான் இறுகவே இறுகாது, பிசுபிசுன்னு நிக்கும், லேடெக்ஸ் கிளவுஸ் போட்டாலும் அதே கதிதான், நைட்ரைல் கிளவுஸ் வாங்கிக்கங்க. நடுவுல வெட்டு எவ்ளோ ஆழமா வேணா இருக்கலாம், ஓரத்துக்கு வரவர ஒன்னுமில்லாம போற மாதிரி தேய்ச்சு இறக்கணும். ஓரத்தை ஒட்டி ஒரு சின்ன இடைவெளி விட்டு சுத்தி கிளேல ஒரு வரப்பு கட்டுங்க, அச்சுல அது பள்ளமா வரும், மூடி அழுத்தும்போது மிச்ச சிலிகான் அங்க வழிஞ்சு ஓடிரும். தோல் துளைகளுக்கு ஆரஞ்சு தோல்ல லேடெக்ஸ் பூசி உரிச்செடுத்து அதை கிளே மேல அமுக்குங்க, சல்ஃபர் கதை இதுக்கும் உண்டுங்கறதால அப்புறம் கிளேவை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால லேசா துடைச்சிருங்க.

டைலை சுத்தி தடுப்பு வெச்சு டென்டல் ஸ்டோன் (பல் அச்சு எடுக்கற கெட்டியான ஜிப்சம் மாவு) கரைச்சு ஊத்தி அச்சு எடுங்க, நல்லா காய விடுங்க. அச்சுலேர்ந்து கிளேவை எடுத்துட்டு ரிலீஸ் ஏஜென்ட் (அச்சுல ஒட்டாம விடற பூச்சு) பூசிட்டு, ஆல்கஹால்ல கரையற கேப் பிளாஸ்டிக்கை (மொட்டைத்தலை மேக்கப்புக்கு தொப்பி செய்ற திரவ பிளாஸ்டிக்) மெல்லிசா ரெண்டு மூணு கோட் அடிங்க, மூடப்போற டைல்லயும் அதே மாதிரி. இதுதான் ரகசியம், சிலிகான் மேல பசை ஒட்டாது, கேப் பிளாஸ்டிக் மேல ஒட்டும், ஓரத்துல கரையறதும் அதுதான்.

சிலிகான் ஏ, பின்னு ரெண்டு திரவமா வரும், ரெண்டையும் சமமா எடுத்து, மென்மைக்கு டெடனர்ங்கற திரவத்தை சேருங்க. கடைல விக்கற 'ஃபிளெஷ்' கலர் பெரும்பாலும் வெள்ளைக்காரங்க தோலுக்கு, நமக்கு பழுப்பு, மஞ்சள், துளி சிவப்பு கலந்தா கிட்ட வரும். கலரை கம்மியா போடுங்க, கூட போட்டா ரப்பர் செருப்பு மாதிரி ஆயிடும், ஃபிளாக்கிங் நூல்தூள் கொஞ்சம் போட்டா தோலுக்குள்ள நரம்பு ஓடற மாதிரி இருக்கும். ஊத்தி, டைலால மூடி, மேல வெயிட் வெச்சிருங்க, இறுகினதும் உரிச்சு எடுக்கறதுதான் ஒட்டப்போற காயத்துண்டு.

ஒட்டறதுக்கு முந்தின நாளே நடிகர் கைல பசையை துளி தடவிப் பாத்துருங்க. ப்ராஸ்-எய்டை (தோல்ல ஒட்டற மேக்கப் பசை) காயத்துண்டுலயும் தோல்லயும் தடவி, வெள்ளை நிறம் போய் கண்ணாடி மாதிரி ஆனதும் நடுவுலேர்ந்து ஓரத்துக்கு அமுக்கிட்டே வாங்க. அப்புறம் ஒல்லி பிரஷ்ல ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு ஓரத்தை கரைங்க, அவசரமே வேண்டாம். மேல ஆல்கஹால் பேலட் கலரை (ஆல்கஹால் தொட்டு கரைக்கற மேக்கப் கலர்) தெளிச்ச மாதிரி போடுங்க, ஒரே சாயமா பூசினா போச்சு.

ரத்தம் வரணும்னா ஒட்டறதுக்கு முன்னாடியே அடியில மெல்லிசான டியூப் ஓட்டி, மறுமுனையை சிரிஞ்சோட சேத்து கேமராவுக்கு வெளிய ஒருத்தர் கைல குடுத்துருங்க. இன்னொரு டியூப் முனையில சின்ன பலூன் கட்டி அடியில வெச்சு காத்தை ஏத்தி இறக்கினா காயமே துடிக்கும், மோட்டார் சர்வோ எதுவும் இல்லாம அனிமேட்ரானிக்ஸ் (மெஷின் வெச்சு உருவத்தை அசைய வெக்கறது) வேலையை பாதி இப்படியே ஓட்டலாம்.

இதே முறைல முகம் பண்றதா இருந்தா ஒரே துண்டா பண்ணாதீங்க, அமெரிக்காவுல மேக்கப் கலைஞர் டிக் ஸ்மித் நெத்தி, மூக்கு, தாடைன்னு பிரிச்சு ஒன்னுமேல ஒன்னு ஏறற மாதிரி ஒட்டினது முகம் அசையணும்னுதான்.

கழட்டும்போது இழுக்காதீங்க, ரிமூவரை ஓரத்துல விட்டு பிரஷ்ஷால மெதுவா உள்ள தள்ளிட்டே போனா தானா விட்டு வரும். அப்படி எடுத்தாலும் ஓரம் கிழிஞ்சிரும், அடுத்த நாள் ஷூட்டுக்கு அதே துண்டு உதவாது, அதனால எத்தனை நாள் ஷூட்டோ அத்தனை துண்டு முன்னாடியே ஊத்தி வெச்சுக்கங்க.