சியெரா மலைப் பனி: பே ஏரியாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

சான்ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றியிருக்கும் பே ஏரியாவில், ஃப்ரீமாண்ட், சன்னிவேல், டப்ளின் பக்கம் குடிவந்திருக்கிறீர்கள் என்றால், முதல் குளிர்காலத்திலேயே யாராவது "இந்த வாரக் கடைசியில் டாஹோ போகிறோம், வருகிறீர்களா?" என்று கேட்பார்கள். தாராளமாகப் போங்கள், சியெரா நெவாடா மலையில் இருக்கும் ஏரி அது, அருமையான இடம். ஆனால் அந்த மலையில் கிடக்கும் பனி விளையாட மட்டும் இல்லை. ஜூலை மாதம் உங்கள் வீட்டுக் குழாயில் வருவதில் ஒரு பங்கும் அதுதான். இரண்டு காரணங்களுக்காகவும் பனி நிலவரத்தைப் பார்க்கும் பழக்கம் இங்கே வேண்டும்.

கலிஃபோர்னியாவில் மழைக்காலம் குளிர்காலம்தான். பெரும்பகுதி டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் பெய்து முடிந்துவிடும். அப்புறம் கோடை முழுக்க ஒரு தூறல்கூட இருக்காது. வயலுக்கும் தோட்டத்துக்கும் தண்ணீர் அதிகம் வேண்டியிருப்பதோ அந்தக் கோடையில். குளிர்காலத்தில் சியெரா நெவாடா மலைகளில் சேரும் பனி, ஏப்ரலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உருகி ஆறுகளிலும் அணைகளிலும் இறங்குவதால்தான் காலம் ஓடுகிறது. சராசரியாகக் கலிஃபோர்னியாவின் தண்ணீர்த் தேவையில் சுமார் 30 சதவீதம் இந்தப் பனியிலிருந்து வருகிறது. சென்னையில் புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் நீர்மட்டத்தைத் தினமும் செய்தித்தாளில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

உங்கள் ஊர்த் தண்ணீர் எந்த மலையிலிருந்து வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீர் பில்லில் இருக்கும் நிறுவனத்தின் தளத்தில் போட்டிருப்பார்கள். சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு யோசெமிட்டி பூங்காவுக்குள் இருக்கும் ஹெட்ச் ஹெட்சி நீர்த்தேக்கம். ஓக்லாண்ட், பெர்க்லி பக்கம் மொகலமி ஆறு. டப்ளின், பிளசன்டன் ஊர்களுக்குப் பெரும்பாலும் மாநில நீர்த் திட்டம். அதன் முக்கிய அணை வடக்கே இருக்கும் ஓரோவில். ஃப்ரீமாண்டில் நிலத்தடி நீரும் மலை நீரும் கலந்து வரும்.

சரி, பனியை எப்படி அளக்கிறார்கள்? ஆழத்தை மட்டும் அளந்தால் போதாது. புதிதாக விழுந்த பஞ்சுப் பனி 10 அங்குலம் இருந்தால், உருகும்போது சுமார் 1 அங்குலம் தண்ணீர்தான் தேறும். மார்ச் மாதக் கடைசியில் இறுகிக் கிடக்கும் பனி 10 அங்குலத்தில் 4 அங்குலம்கூடக் கிடைக்கும். அதனால் எடையைப் பார்க்கிறார்கள். நெடுஞ்சாலை 50 ஓரம், எக்கோ சம்மிட் பக்கத்தில், ஃபிலிப்ஸ் என்ற இடத்தில் 1941 முதல் இந்த அளவை நடக்கிறது. மாநில நீர்வளத் துறை ஆட்கள் ஒரு நீண்ட அலுமினியக் குழாயைப் பனிக்குள் செங்குத்தாக இறக்குவார்கள். குழாயின் நுனியில் பல் வெட்டியிருக்கும். தரை தட்டும்வரை திருகி இறக்கி, வெளியே எடுத்து, அடியில் மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். மண் இருந்தால் முழு ஆழமும் குழாய்க்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த மண்ணைச் சுரண்டிவிட்டுக் குழாயோடு தராசில் தொங்கவிட்டு, வெறுங்குழாயின் எடையைக் கழித்தால், எத்தனை அங்குலம் தண்ணீர் என்று தெரிந்துவிடும். இந்தக் குழாயை உருவாக்கியவர் ஜேம்ஸ் சர்ச். நெவாடா பல்கலைக்கழகத்தில் லத்தீன் கற்பித்தவர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டாஹோவுக்கு மேலே மவுண்ட் ரோஸ் சிகரத்தில் பனியை நிறுத்துப் பார்த்தவர். இன்று மேலே கிடக்கும் பனியின் பாரத்தை உணர்ந்து எண்ணாக அனுப்பும் தானியங்கிக் கருவிகள் மலை முழுக்க உண்டு. விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சியும் அளக்கிறார்கள். ஆனாலும் குழாயும் தராசும் கைவிடப்படவில்லை.

எண்கள் எல்லாமே மாநில நீர்வளத் துறையின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். வடக்கு, நடு, தெற்கு சியெரா என்று மூன்றாகப் பிரித்துத் தருவார்கள். இங்கேதான் புதியவர்கள் குழம்புகிறார்கள், கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். இரண்டு வகைச் சதவீதம் இருக்கும். ஒன்று, "இந்தத் தேதிக்கு வழக்கமாக இருக்க வேண்டிய அளவில் இவ்வளவு." இன்னொன்று, "ஏப்ரல் 1 சராசரியில் இவ்வளவு." பனி பொதுவாக ஏப்ரல் 1 வாக்கில்தான் உச்சத்தில் இருக்கும் என்பதால் அந்தத் தேதிதான் ஆண்டுக் கணக்கு. ஜனவரி தொடக்கத்தில் மாநிலச் சராசரி சுமார் 10 அங்குலம் தண்ணீர், ஏப்ரல் தொடக்கத்தில் சுமார் 26 அங்குலம். ஆக ஜனவரியில் "100 சதவீதம்" என்று செய்தி வந்தால், பெட்டியில் பாதிகூட நிரம்பவில்லை என்றுதான் பொருள்.

ஜனவரி எண்ணை நம்பி எதையும் முடிவு கட்டாதீர்கள். 2021 டிசம்பர் கடைசியில் மலையில் பனி கொட்டித் தீர்த்தது. ஃபிலிப்ஸில் 78.5 அங்குல ஆழம், அதிலிருந்த தண்ணீர் அந்தத் தேதிச் சராசரியைப் போல இரண்டு மடங்கு. பஞ்சம் தீர்ந்தது என்று எல்லோரும் பேசினோம். அடுத்த மூன்று மாதமும் வானம் வெளுத்துக் கிடந்தது. 2022 ஏப்ரல் 1 அன்று அதே இடத்தில் மிஞ்சியது 2.5 அங்குலப் பனி. மாநிலம் முழுவதும் சராசரியில் 38 சதவீதம். 2024இல் நேர்மாறு: ஜனவரியில் அந்தத் தேதிச் சராசரியில் 25 சதவீதமாக இருந்தது, ஏப்ரலில் 110 சதவீதத்தில் வந்து நின்றது.

இரண்டு எல்லைகளையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2015 ஏப்ரல் 1 அன்று ஃபிலிப்ஸில் பனியே இல்லை. அப்போதைய ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அங்கே வெறும் புல்தரையில் நின்றபடிதான் நகரங்கள் தண்ணீர்ச் செலவை 25 சதவீதம் குறைக்க வேண்டும் என்ற உத்தரவை அறிவித்தார். மாநிலப் பனி அந்த நாளில் சராசரியில் 5 சதவீதம். 2023 ஏப்ரலில் அதே புல்தரைக்கு மேல் 126.5 அங்குலம் பனி.

மலையில் இருக்கும் பனிக்கேற்ற தண்ணீர் வராமல் போகலாம் என்பதையும் 2021 காட்டியது. வறண்டு கிடந்த மண் உருகிய நீரைக் குடித்துவிட்டது, கொஞ்சம் காற்றோடும் போனது. எதிர்பார்த்த அளவு அணைக்கு வந்து சேரவில்லை. அந்த ஆகஸ்டில் ஓரோவில் அணையின் மின்நிலையத்தைத் தண்ணீர் போதாமல் நிறுத்தினார்கள். 1967இல் திறந்த பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல்முறை. எனவே பனி எண்ணோடு அணை இருப்பையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் குறைவாக இருக்கும் வருடம் புல்வெளி போடுவதைத் தள்ளிப்போடுங்கள்.

இனி மலைக்குப் போவது. புயல் முடிந்த மறுநாள் பனி அழகாக இருக்கும், சாலை மோசமாக இருக்கும். கிளம்பும் முன் மாநிலச் சாலைத் துறையான கால்ட்ரான்ஸின் குவிக்மேப் செயலியில், டாஹோவுக்குப் போகும் ஐ-80, நெடுஞ்சாலை 50 இரண்டையும் பாருங்கள். பனியில் வழுக்காமல் இருக்க டயரின் மேல் செயின், அதாவது சங்கிலி, மாட்டச் சொல்லும் கட்டுப்பாடு மூன்று நிலையில் இருக்கும். ஆர் 1 என்றால் பனிக்கேற்ற டயர் உள்ள சாதாரணக் கார்கள் செயின் மாட்டாமல் போகலாம். ஆர் 2 என்றால் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு, நான்கிலும் பனி டயர் இருந்தால் மட்டும் விலக்கு. ஆர் 3 என்றால் யாருக்கும் விலக்கில்லை. மாட்ட வேண்டாம் என்று விட்டாலும் செயின் வண்டியில் இருந்தாக வேண்டும். டயரின் பக்கவாட்டில் சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது என்று காட்டும் "எம் பிளஸ் எஸ்" (M+S) குறி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

செயினை வாங்கி டிக்கியில் போட்டால் மட்டும் போதாது. ஒருமுறை வீட்டு வாசலில் மாட்டிப் பழகுங்கள். கேம்ரி, சிவிக் மாதிரி முன்சக்கரம் இழுக்கும் வண்டிக்கு முன்சக்கரத்தில்தான் மாட்ட வேண்டும். மாட்டியபின் கொஞ்ச தூரம் மெல்ல ஓட்டி, நிறுத்தி, தளர்ந்திருந்தால் மறுபடி இறுக்குங்கள். நனையாத கையுறை, தலையில் கட்டும் விளக்கு, மண்டிபோட ஒரு பழைய பாய், இந்த மூன்றும் செயினோடு ஒரே பையில் இருக்கட்டும். வாடகை வண்டி என்றால் செயின் மாட்ட அனுமதி உண்டா என்று முன்பே கேளுங்கள், பல நிறுவனங்கள் விடுவதில்லை. பனியில் சிக்கி நின்றுவிட்டால், எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றும் முன் புகைக்குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று இறங்கிப் பாருங்கள். மூடியிருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்து உயிரைக் குடிக்கும். குழந்தைகள் பின்சீட்டில் தூங்கும் வண்டியில் இதை ஒருநாளும் மறக்காதீர்கள்.

குழந்தைகளோடு சறுக்கி விளையாட அதற்கென்றே உள்ள பனிப் பூங்காக்களுக்குப் போங்கள். அந்தப் பூங்காக்களில் வண்டி நிறுத்த நவம்பர் 1 முதல் மே 30 வரை அனுமதிச் சீட்டு வேண்டும், ஆன்லைனில் வாங்கலாம். நெடுஞ்சாலை ஓரத்தில் எங்கோ நிறுத்திவிட்டுக் கண்ணில் படும் சரிவில் ஏறாதீர்கள், மேலேயிருந்து சறுக்கி வரும் குழந்தை நேரே சாலையில்தான் வந்து விழும். பனிக்காலணி மாட்டிக் காட்டுக்குள் நடக்க ஆசைப்படுபவர்கள், டாஹோ சுற்றுவட்டாரத்துக்குச் சியெரா அவலாஞ்ச் மையம் காலையில் வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையைப் படிக்காமல் இறங்கக் கூடாது. 1 முதல் 5 வரை எண் கொடுப்பார்கள். 3 என்பதைப் பாஸ் மார்க் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்த நிலையில் மனிதர்களே பனிச்சரிவைக் கிளப்பிவிட வாய்ப்பு அதிகம். நீங்கள் நிற்கும் இடம் சமதளமாக இருந்தாலும், தலைக்குமேல் செங்குத்துச் சரிவு இருந்தால் அது கீழே வந்து சேரும் பாதையில்தான் நிற்கிறீர்கள்.

பனி எண்ணுக்குக் கோடையிலும் வேலை உண்டு. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் யோசெமிட்டிக்குக் கூட்டிப்போவோம் இல்லையா, அதை மே மாதத்தில் வையுங்கள். பனி குறைந்த வருடத்தில் ஆகஸ்டில் போனால் யோசெமிட்டி அருவி இருந்த பாறையை மட்டும் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும். பனி மிகுந்த வருடத்தில் யோசெமிட்டிக்குள் மலையைக் கடக்கும் டயோகா சாலை திறப்பதே தள்ளிப்போகும், 2023இல் ஜூலை 22 ஆகிவிட்டது. அப்படிப்பட்ட வருடத்தில் ஆறுகளிலும் ஜாக்கிரதை. மே, ஜூன் வெயிலில் அமெரிக்கன், மெர்செட், கெர்ன் ஆறுகள் சில இடங்களில் பார்க்க அமைதியாக இருக்கும். ஓடுவது அன்று காலை உருகிய பனி. குளிரில் சில நிமிடங்களில் கைகால் மரத்துவிடும், நீச்சல் தெரிந்தவர்களுக்கும் அதே கதிதான். கால் நனைக்க வேண்டும் என்றால் கரையோரம் தேங்கிய இடம் பாருங்கள். குழந்தைகளுக்கு உயிர்காப்பு உடுப்பு போட்டுவிடுங்கள். அருவிக்கு மேலே இருக்கும் பாறைகளில் செல்ஃபி எடுக்க யாரையும் ஏறவிடாதீர்கள்.