செருப்புக்குள் அழுத்தம் அளக்கும் முன் கருவியைச் சோதியுங்கள்

சுகரால் பாதத்தில் உணர்ச்சி போனவர்களுக்கு எம்.சி.ஆர். (நுண்துளைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர்) செருப்பு செய்து கொடுப்பது என் வேலை. செருப்பு எங்கே அழுத்துகிறது என்று கேட்டால் அவர்களால் சொல்ல முடியாது. அதனால்தான் சென்சார் இன்சோலை, அதாவது அழுத்தத்தை அளக்கும் உள்தாளை, உள்ளே வைத்து நடக்கவிட்டுப் பார்க்கிறோம். திரையில் சிவப்பும் மஞ்சளுமாகப் படம் வந்ததும் நம்பிவிடத் தோன்றும். ஆனால் கருவி குறைத்துக் காட்டினால், ஆறின புண் மறுபடி திறந்துகொள்ளும். ஆளை நடக்கவிடும் முன் கருவியைச் சோதித்துவிடுங்கள்.

எஃப்-ஸ்கேன் போன்ற மெல்லிய தாள் வகை, மின்தடை மாறுவதை வைத்து அளக்கிறது. மடிந்தாலோ சுருங்கினாலோ இல்லாத அழுத்தத்தைக் காட்டும். பயன்படுத்தப் பயன்படுத்தத் தேயவும் செய்யும். பெடார் போன்ற கொள்திறன் வகை (மின்னூட்டத்தைத் தேக்கும் திறன் மாறுவதை வைத்து அளப்பது) கொஞ்சம் தடிமன், இறுக்கமான ஷூவை இன்னும் இறுக்கிவிடும். எந்த வகையானாலும் காற்றுப் பைக்குள் வைத்து அழுத்தத்தை 100, 200, 300 கிலோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) என்று ஏற்றுங்கள். எல்லாச் சென்சாரும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். பை இல்லையென்றால் கட்டைவிரலால் ஒவ்வொரு இடமாக அழுத்தி, செத்த சென்சார் எது என்றாவது தெரிந்துகொள்ளுங்கள். அது புண் இருந்த இடத்துக்கு நேராக வந்துவிட்டால் மொத்த அளவீடும் வீண்.

அப்புறம் இன்சோலைப் போட்டுச் சில நிமிடம் நடக்கவிடுங்கள். பாதச் சூட்டுக்கு அது பழக வேண்டும். பிறகு காலைத் தூக்கச் சொல்லி பூஜ்ஜியம் வையுங்கள். ஒற்றைக் காலில் நிற்கவைத்து மொத்த விசையைப் பாருங்கள். 60 கிலோ ஆளுக்கு 590 நியூட்டனை ஒட்டி வரவேண்டும். சற்றுக் குறைந்தால் பரவாயில்லை, பெரிதாக விலகினால் நிறுத்திவிடுங்கள். இரண்டு காலிலும் அசையாமல் கொஞ்ச நேரம் நிற்கும்போது எண் தானாக ஏறிக்கொண்டே போகிறதா, காலைத் தூக்கினால் பூஜ்ஜியத்துக்குத் திரும்புகிறதா என்பதையும் பாருங்கள்.

நடக்கும்போது முதல் அடிகள், நிற்கும் அடிகள், திரும்பும் அடிகளை விட்டுவிடுங்கள். நடுவே வரும் அடிகளில், ஒவ்வொரு பாதத்துக்கும் குறைந்தது 12 வேண்டும். வேகம் கூடினால் அழுத்தமும் கூடும். ஆகவே ஸ்டாப்வாட்ச் வைத்து ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் நடக்கவையுங்கள். அதே சாக்ஸ், அதே செருப்பு. திறந்த செருப்பில் இன்சோல் நழுவும். இருபக்கம் ஒட்டும் டேப்பால் பிடித்துவையுங்கள்.

இனி எண்ணுக்கு வருவோம். புண் இருந்த இடத்தில் நடக்கும்போது வரும் உச்ச அழுத்தம் 200 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருக்க வேண்டும், அல்லது முன்பைவிட 30 சதவீதம் குறைய வேண்டும் என்பது சர்வதேச நீரிழிவுப் பாத வழிகாட்டுதல். அந்த 200 என்பது 2 சதுர செ.மீ. சென்சாரை வைத்துச் சொன்னது. பெருவிரலின் அடிமூட்டு எலும்பு 1 சதுர செ.மீ.யில் மட்டும் 400 கிலோபாஸ்கல் அழுத்தினாலும், அந்தச் சென்சார் சராசரி எடுத்து 200 என்றே காட்டும். சிறிய சென்சார் அதே காலில் 400 காட்டலாம். அதனால் ஒரு கருவியின் எண்ணை இன்னொரு கருவியின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். எனக்கு நம்பிக்கை அதிகம், ஒரே கருவியில் ஒரே நாளில் எடுத்த முன்-பின் வித்தியாசத்தின் மீதுதான். எம்.சி.ஆரில் ஒரு குழி தோண்டி 310-லிருந்து 205-க்கு வந்தால், அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான குறைவு; வேலை நடந்திருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

வேலூரில் தொழுநோயாளிகளுக்குப் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், பிறகு அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில், அழுத்தத்தால் நுண்குமிழிகள் உடைந்து சாயம் கசியும் சாக்ஸைப் பயன்படுத்தினார். எங்கே அழுத்தம் என்று சாயக்கறை காட்டியது. இன்றைய கருவி எண்ணும் தருகிறது, ஆனால் செங்குத்தான அழுத்தத்தை மட்டும்தான். பாதம் உள்ளே சறுக்கி உராய்வதை அது சொல்லாது. எனவே அளந்து முடித்ததும் சாக்ஸைக் கழற்றச் சொல்லி, கையால் தடவிப் பாருங்கள். சிவந்தோ சூடாகவோ இருந்தால், திரையில் 150 என்று இருந்தாலும் செருப்பைத் திருத்திய பிறகே கொடுத்தனுப்புங்கள்.