கழற்றியது சரி, திரும்ப மாட்டியது?

சொந்தமாகக் காரில் கை வைப்பவர்கள் கழற்றும்போது ரொம்பக் கவனமாக இருப்பார்கள். சொதப்புவதெல்லாம் பெரும்பாலும் திரும்ப மாட்டும்போதுதான். அதற்குள் முதுகு வலித்திருக்கும், கையெல்லாம் கரி, எப்போது எழுந்து குளிக்கலாம் என்று மனம் போய்விடும்.

நான் முதன்முதலில் ஆயில் மாற்றியபோது எல்லாவற்றையும் முறைப்படிதான் செய்தேன். பழைய ஆயிலை வடித்தேன். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, கையாலேயே இறுக்கினேன். ஸ்டார்ட் செய்த சில விநாடிகளில் காரின் அடியில் தேன் நிறத்தில் ஒரு குட்டை. அப்போதுதான் ஊற்றிய புது ஆயில்! பழைய ஃபில்டர் வந்துவிட்டது, அதன் ரப்பர் வளையம் வரவில்லை; இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் மேலேயே புதியதை மாட்டியிருக்கிறேன். இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால், ஆயில் அழுத்தம் ஏறியதும் பிதுங்கிவிடும். நல்லவேளை, உடனே சாவியைத் திருப்பி அணைத்தேன். இல்லையென்றால் இன்ஜினே போயிருக்கும். இப்போதெல்லாம் கழற்றிய ஃபில்டரைத் தூக்கிப் போடுவதற்கு முன் திருப்பிப் பார்க்கிறேன்: வளையம் அதில் இருக்கிறதா? அப்புறம் இன்ஜின் பக்கத்தையும் துணியால் துடைத்து, விரலால் தடவிப் பார்ப்பேன்.

அடுத்தது, 'எதற்கும் இன்னும் ஒரு சுற்று' என்கிற வியாதி. ஆயில் வடிக்கும் போல்ட் இரும்பு. அது போய் உட்காரும் ஆயில் பேன் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தட்டு) பல கார்களில் அலுமினியம். நீளமான ஸ்பேனரில் முழு பலத்தையும் போட்டால் மரை (உள்ளே இருக்கும் திருகு வரி) போய்விடும். ஒரு போல்ட்டை இறுக்கப்போய் பேனையே மாற்ற வேண்டி வரும். இறுக்கம் எவ்வளவு என்பது சர்வீஸ் மேனுவலில் இருக்கும். நிறைய கார்களில் 25 முதல் 40 நியூட்டன் மீட்டருக்குள்தான் வரும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், மற்ற டூல்ஸ் அப்புறம்.

மரை கோணலாக ஏறுவது இதைவிட மோசம். எந்த போல்ட்டையும், ஸ்பார்க் பிளக்கையும் முதலில் விரலால்தான் ஏற்ற வேண்டும். ஒரு சின்ன வித்தை: மாட்டும் முன் கழற்றுகிற திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் 'டிக்' என்று லேசாக இறங்கும். மரை சேருகிற இடம் அதுதான், அங்கிருந்து இறுக்குங்கள். இரண்டு மூன்று சுற்று கையாலேயே போகவில்லை என்றால் கோணல் என்று அர்த்தம். ஸ்பேனரைத் தொடாதீர்கள். ஸ்பார்க் பிளக் வேலையை இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

வீல் நட்டை வரிசையாகச் சுற்றிக்கொண்டு போகாமல் எதிரெதிராக இறுக்க வேண்டும். கடைசி இறுக்கு டயர் தரையில் இறங்கிய பிறகுதான். ஸ்பேனரின் மேல் ஏறி நின்று மிதிப்பதெல்லாம் வேண்டாம். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.

ஜாக்கி விஷயத்தில் மட்டும் சமரசமே கிடையாது. காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்றத்தான். அதை நம்பிக் காருக்கு அடியில் தலையை விடாதீர்கள், ஒரு நிமிட வேலையாக இருந்தாலும். சமதரையில், எடையைத் தாங்கும் ஸ்டாண்ட் கொடுத்து, காரைக் கையால் ஆட்டிப் பார்த்த பிறகே உள்ளே போக வேண்டும்.

பேட்டரியில் முதலில் நெகட்டிவைக் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். வரிசை மாறினால், பாசிட்டிவ் நட்டைத் திருகும் ஸ்பேனர் பாடியில் பட்டதும் தீப்பொறி பறக்கும்.

கழற்றுவதற்கு முன்பே நடக்கிற தவறு ஒன்றும் உண்டு. காரின் கோளாறு கோடைக் காட்டும் ஸ்கேனரில் பி0171 என்று வந்தால் உடனே ஆக்ஸிஜன் சென்சாரை ஆர்டர் போட்டுவிடுவார்கள். அந்தக் கோட் சொல்வது, காற்றுக்கு ஏற்ற அளவு பெட்ரோல் இல்லை என்பது மட்டும்தான். இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் பக்கம் வெடித்த ஒரு ரப்பர் குழாய்கூடக் காரணமாக இருக்கும்.

பிரேக் வேலையை முதல் தடவை தெரிந்தவர் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வதே நல்லது. காலிப்பரை (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) அதன் ஹோஸிலேயே, அதாவது பிரேக் ஆயில் வரும் குழாயிலேயே, தொங்கவிடாதீர்கள், உள்ளே கிழியலாம். கம்பி போட்டுக் கட்டிவையுங்கள். புது பேடுக்கு இடம் விட காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பா நிரம்பி வழிகிறதா என்று பாருங்கள். பெயின்டில் பட்டால் அரித்துவிடும். புது பேட் மாட்டியாயிற்று, வீலும் மாட்டியாயிற்று என்று அப்படியே கியரைப் போட்டுவிடாதீர்கள். தள்ளிய பிஸ்டன் இன்னும் உள்ளேதான் இருக்கும், முதல் மிதிக்குப் பெடல் தரை வரை போகும். நின்ற இடத்திலேயே பெடல் கெட்டியாகும் வரை பலமுறை மிதியுங்கள். அதற்கு அப்புறம் வண்டியை எடுங்கள்.